நம்பர் இல்லாத காரை மட்டக்களப்புக்குக் கொண்டுவருவது எப்படி?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1ஆம் திகதி மீண்டும் திறந்துவிடப்பட்டது. அதிலிருந்து ஜப்பானில் ஓடிய ரீகண்டிஷன் கார்கள் கப்பல் கப்பலாக வருகின்றன. கொழும்பிலும் கம்பஹாவிலும் குருநாகலிலும் உள்ள கார் சேல்களில் காசைக் கட்டிக் காரை எடுத்த பிறகுதான் கிழக்கில் உள்ளவர்களுக்கு அடுத்த கேள்வி எழுகிறது. கார் இன்னும் பதியவில்லை, இலக்கத் தகடு இல்லை, வீடோ 300 கிலோமீட்டருக்கு அப்பால். யார் கொண்டுவருவது, எப்படிக் கொண்டுவருவது?

இதற்குச் சேல்களில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஒண்டும் பிரச்சினையில்ல தம்பி, ராவோட ராவா எடுத்துட்டுப் போங்க." அந்தப் பதில் ஏன் ஆபத்தானது, வேறு என்ன வழிகள் இருக்கின்றன, ஒவ்வொரு வழியிலும் பொறுப்பு யார் தலையில் விழும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

"அன்ரெஜிஸ்டர்ட்" என்பது எதைக் குறிக்கிறது?

விளம்பரங்களில் வரும் "அன்ரெஜிஸ்டர்ட்" என்ற சொல்லைப் பலர் "புத்தம் புதியது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. கார் ஜப்பானில் பதியப்பட்டு, அங்கே ஒருவர் ஓட்டி, ஏலத்தில் விற்கப்பட்டு, அந்த நாட்டுப் பதிவு நீக்கப்பட்ட பின் இங்கே வந்திருக்கும். இலங்கையில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவேட்டில் இன்னும் ஏறவில்லை என்பதைத்தான் அந்தச் சொல் காட்டுகிறது. பாவித்த காராக இருந்தும் இங்கே பதியப்படாத கார். இப்போதைய இறக்குமதி விதிப்படி காருக்கு வயது மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது என்பதால் பார்வைக்குப் புதிது போலவே இருக்கும்.

சுங்கப் பத்திரங்கள் காரின் பிறப்புச் சான்றிதழ் என்றால், பதிவு இலக்கம் அதன் அடையாள அட்டை. முதலாவது கையில் இருக்கிறது என்பதற்காக இரண்டாவது தேவையில்லை என்று ஆகிவிடாது.

இன்னொரு வகையும் உண்டு. "புத்தகம் இல்லை, பிறகு எடுக்கலாம்" என்று மலிவாகப் பேசப்படும் வாகனங்கள். இவற்றுக்குச் சுங்க ஆவணமும் இருக்காது, ஏற்றுமதிச் சான்றிதழும் இருக்காது. வேறொரு காரின் சேஸி இலக்கத்தை வெட்டி ஒட்டியதாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட வாகனத்தை எப்படி வீட்டுக்குக் கொண்டுவருவது என்ற கேள்விக்கே இடமில்லை, வாங்கவே கூடாது. இந்தக் கட்டுரை பேசுவது முறைப்படி தீர்வை கட்டி இறக்குமதியாகி, பதிவுக்குக் காத்திருக்கும் கார்களைப் பற்றி மட்டுமே.

ஓட்டிக்கொண்டு வந்தால் என்ன?

மோட்டார் வாகனச் சட்டம், அதாவது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம், பதியாத வாகனத்தைத் தெருவில் பயன்படுத்த விடுவதில்லை. அதன் பின்னால் உள்ள தர்க்கத்தை விளங்கிக்கொண்டால் மற்ற எல்லாம் தெளிவாகும். தெருவில் ஓடும் ஒரு கார் மூன்று விடயங்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவை ஒன்றன் பின் ஒன்றாகவே வரும்.

1. பதிவு. இது வாகனத்துக்கு ஓர் இலக்கத்தையும், அந்த இலக்கத்துக்கு ஒரு உரிமையாளரையும் கொடுக்கிறது. விபத்து நடந்தால், களவு போனால், குற்றத்துக்குப் பயன்பட்டால் தேடிப் போவதற்கு ஒரு பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பதற்காகவே பதிவு இருக்கிறது.

2. காப்புறுதி. குறைந்தபட்சம் தேர்ட் பார்ட்டி காப்புறுதி இல்லாமல் எந்த வாகனமும் தெருவில் இறங்கக் கூடாது. உங்கள் கார் இன்னொருவரை இடித்தால் அவருக்கு நட்ட ஈடு கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம்.

3. வருமான அனுமதிப்பத்திரம். ஆண்டுதோறும் பிரதேச செயலகத்தில் எடுக்கும் பத்திரம் இது. காப்புறுதிச் சான்றிதழைக் காட்டாமல் இதை எடுக்க முடியாது.

பதிவு இல்லை என்றால் மூன்றாவது கிடைக்கவே வழியில்லை. இரண்டாவதில்தான் குழப்பம். காப்புறுதிக் கம்பனிகள் பதியாத காருக்கும் சேஸி இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் வைத்து ஒரு கவர் நோட், அதாவது தற்காலிகக் காப்புறுதிப் பத்திரம், எழுதித் தருவதுண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு "எனக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கிறதே" என்று காரைக் கிளப்புகிறவர்கள் ஏராளம். ஆனால் காப்புறுதி என்பது ஓர் ஒப்பந்தம். சட்டப்படி ஓட்டத் தகுதியான நிலையில் வாகனம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அது பொதுவாக எழுதப்படுகிறது. பதியாத காரில், வருமான அனுமதிப்பத்திரம் இல்லாமல், வெலிக்கந்தையில் இரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு மோட்டார் சைக்கிளோடு மோதினால், கம்பனி முதலில் திறந்து பார்ப்பது அந்த நிபந்தனைப் பக்கத்தைத்தான். பொலிஸ் சோதனையில் பிடிபட்டால் போகும் தண்டப்பணத்தைத்தான் பலர் கணக்குப் பார்க்கிறார்கள். நீதவான் நீதிமன்றத்துக்கு இரண்டு நடை போய்வந்தால் அது தீர்ந்துவிடும். ஒருவர் உயிரிழந்தாலோ ஊனமடைந்தாலோ வரும் நட்ட ஈட்டுப் பொறுப்பு அப்படித் தீராது. அது காரின் விலையையும் தாண்டி வீடு வளவுவரை வரக்கூடிய தொகை.

"கராஜ் நம்பர்" போட்டுத் தருகிறோம் என்றால்?

சேல்காரர்கள் துறைமுகத்திலிருந்து தங்கள் முற்றத்துக்குக் கார்களை எப்படிக் கொண்டுவருகிறார்கள் என்று கேட்பது நியாயம். சட்டத்தில் வாகன வியாபாரிகளுக்கென ஒரு தனி உரிமம் உண்டு. பேச்சில் அதைத்தான் கராஜ் நம்பர் என்கிறார்கள். அந்த இலக்கம் ஒரு குறிப்பிட்ட காருக்குரியது அல்ல, வியாபாரிக்குரியது. தன் கையிருப்பில் உள்ள, இன்னும் பதியாத வாகனங்களைத் தன் வியாபாரத் தேவைக்கு நகர்த்துவதற்காக அவருக்குக் கொடுக்கப்பட்ட சலுகை.

இதிலிருந்து விளைவு தானாகவே வருகிறது. காசு கட்டி, ரசீது வாங்கி, கார் உங்களுடையதாகிவிட்ட பின் அந்தத் தகட்டை மாட்டி நீங்கள் ஓட்டினால் அது வியாபாரியின் வியாபாரத் தேவை ஆகாது. தகட்டை இரவல் கொடுத்தவருக்கும் சிக்கல், ஓட்டியவருக்கும் சிக்கல். வியாபாரியே தன் சாரதியைப் போட்டு, தன் உரிமத்தின் கீழ், தன் காப்புறுதியில், மட்டக்களப்பு வரை கொண்டுவந்து ஒப்படைக்க முன்வந்தால் அது வேறு கதை. அப்போதும் மூன்று விடயங்களைக் கண்ணால் பார்க்க வேண்டும்: உரிமம் நடப்பு ஆண்டுக்குரியதா, காப்புறுதி அந்தப் பயணத்தை உள்ளடக்குகிறதா, விற்பனை ரசீதில் "ஒப்படைத்தல்" எந்த இடத்தில் என்று எழுதியிருக்கிறதா. இந்த மூன்றாவது ஏன் முக்கியம் என்பதைக் கீழே விரிவாகப் பார்ப்போம்.

முதலில் நம்பர், பிறகு பயணம்

நேரம் இருக்கிறவர்களுக்கு நல்ல வழி இதுதான், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. கார் சேலிலேயே நிற்கட்டும். பதிவு முடிந்து, காப்புறுதி அந்த இலக்கத்துக்கு மாறி, வருமான அனுமதிப்பத்திரம் எடுத்த பின் போய் எடுங்கள். அதன் பிறகு அது மற்ற எந்தக் காரையும் போல ஒரு கார். பகலில், குடும்பத்தோடு, நிம்மதியாக ஓட்டிக்கொண்டு வரலாம்.

முதற்பதிவு நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத் தலைமை அலுவலகத்தில் நடக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட அலுவலகங்களுக்குப் போய் இதை முடிக்கலாம் என்று எண்ணிக் காரை முதலில் ஊருக்குக் கொண்டுவருகிறவர்கள் வீண் அலைச்சலைத்தான் விலைக்கு வாங்குகிறார்கள். வழக்கமாகச் சேல்காரரோ அவருடைய ஏஜன்டோ இந்த வேலையைப் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் பக்கத்தில் தயாராக இருக்க வேண்டியவை:

1. தேசிய அடையாள அட்டை, முகவரியை உறுதிப்படுத்தும் ஆவணம்.

2. வரி செலுத்துநர் அடையாள இலக்கம், பேச்சில் "டின் நம்பர்". 2025இலிருந்து கார் பதிவுக்கு இது கட்டாயம். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே எடுக்கலாம். கார் பேசத் தொடங்கும் நாளிலேயே விண்ணப்பித்துவிட்டால் கடைசி நேரத்தில் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

3. சுங்க அறிக்கை, கப்பல் பத்திரம், ஜப்பானிய ஏற்றுமதிச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகள். மூலப்பிரதிகள் ஏஜன்டிடம் இருக்கும். ஆனால் அவற்றில் உள்ள சேஸி இலக்கமும் காரில் பொறிக்கப்பட்ட இலக்கமும் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போகின்றனவா என்பதை வாங்குகிறவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான கார்களில் முன்பாதி மொடல் குறியீடு, ஒரு சிறு கோடு, பின்பாதி தொடர் இலக்கம் என்று இருக்கும். மற்ற நாடுகளுக்கான கார்களில் காணும் 17 எழுத்து இலக்கத்தை அதில் தேடிக் குழம்ப வேண்டாம்.

இங்கே கவனிக்க வேண்டிய காலக்கெடு ஒன்று உண்டு. 2025இல் வந்த விதிகளின்படி இறக்குமதியான வாகனம் 90 நாளுக்குள் பதியப்பட வேண்டும். தவறினால் அதன் சி.ஐ.எஃப் பெறுமதியில், அதாவது கார் விலையும் காப்புறுதியும் கப்பல் கூலியும் சேர்ந்த தொகையில், மாதத்துக்கு 3 வீதம் மேலதிகக் கட்டணம். அது 45 வீதம் வரை ஏறலாம். நீண்ட நாளாகச் சேலில் நிற்கும் காரை "விலை குறைத்துத் தருகிறோம்" என்று காட்டினால், அந்தக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா, சேர்ந்திருந்தால் யார் கட்டுவது என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விலைக்கழிவு முழுவதையும் அது விழுங்கிவிடக்கூடும்.

லீசிங்கில் எடுப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் பெரும்பாலும் வருவதில்லை. நிதிக் கம்பனி தன் பெயரை முழு உரிமையாளராகப் பதிவேட்டில் ஏற்றாமல் காசை விடுவிக்காது, ஆகவே நம்பர் வராமல் கார் சேலை விட்டு வெளியே வராது. முழுக்காசு கட்டி எடுப்பவர்களும், தங்கள் பெயரில் நேரடியாக இறக்குமதி செய்பவர்களும்தான் இந்த இடைவெளியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

நம்பரும் தகடும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2025இல் இலக்கத் தகடுகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பதிவு முடிந்தும் தகடு கிடைக்காமல் ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். பதிவு முடிந்து தகடு மட்டும் வராத கார், பதியாத கார் அல்ல. பதிவுச் சான்றிதழையும் காப்புறுதியையும் கையோடு வைத்துக்கொண்டு, திணைக்களம் அந்தந்த நேரத்தில் அறிவிக்கும் இடைக்கால ஏற்பாட்டின்படி இலக்கத்தைக் காட்டி ஓட்டலாம். "தகடு இல்லாமல்தானே எல்லாரும் ஓடுகிறார்கள்" என்று சேலில் சொல்லப்படும் நியாயம் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால் வந்தது.

ஏற்றிக்கொண்டு வருவதென்றால்

சேல்காரர் இடம் காலி செய்யச் சொல்கிறார், அல்லது நீங்களே இறக்குமதி செய்த கார் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் நிற்கிறது, அங்கே நாட்கூலி ஏறுகிறது. அப்போது பதிவுக்கு முன்பே கொண்டுவர வேண்டிய நிலை வரலாம். சில்லு தெருவில் படாமல் இன்னொரு வாகனத்தின் மேல் சுமையாக வரும் காருக்கு மேலே சொன்ன சிக்கல்கள் இல்லை. தெருவில் ஓடுவது லொறிதான், கார் அதன் சரக்கு. ஆனால் கிளம்புவதற்கு முன் ஏஜன்டிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: பதிவுக்காகக் காரை நேரில் காட்ட வேண்டி வருமா? வரும் என்றால் ஊருக்கு ஏற்றி வந்து, மீண்டும் கொழும்புக்கு ஏற்றிப் போகும் இரட்டைச் செலவு காத்திருக்கிறது.

மூன்று வகையில் கொண்டுவருகிறார்கள். நாலைந்து காரை ஒன்றாக ஏற்றும் பெரிய கேரியர், ஒரு காரைத் தட்டையான தளத்தில் ஏற்றும் ரிகவரி லொறி, முன் சில்லுகளை மட்டும் தூக்கி இழுக்கும் பழைய பாணி ரிகவரி. கயிறு கட்டி இழுப்பதை இதில் சேர்க்கவே இல்லை. அதில் இழுபடும் காரின் சில்லும் தெருவில், ஸ்டியரிங்கில் ஓர் ஆளும் இருப்பதால் அது ஓட்டுவதிலிருந்து வேறுபட்டதல்ல.

மூன்றாவது வகையை நீண்ட தூரத்துக்குத் தவிர்க்க வேண்டும். காரணம் இயந்திரவியல் சார்ந்தது. இப்போது வரும் கார்களில் பெரும்பகுதி ஹைபிரிட். டொயோட்டா அக்குவா போன்ற முன்சில்லு இழுவைக் காரில் மின்மோட்டார் முன்சில்லுகளோடு நேரடியாகப் பிணைந்திருக்கும். சில்லு சுழன்றால் மோட்டாரும் சுழலும், மின் பிறக்கும். கார் அணைந்திருக்கும் நிலையில் அதைக் கட்டுப்படுத்தவோ குளிர்விக்கவோ ஏற்பாடு இருக்காது. ஆகவே முன்சில்லு நிலத்தில் படும்படி இழுக்கவே கூடாது. முன்பக்கத்தைத் தூக்கினால் சரிதானே என்றால், அதே மொடலில் நான்கு சில்லு இழுவை வகையும் வருகிறது. அதில் பின் சில்லுகளுக்கென இன்னொரு மோட்டார் இருக்கும். வெளித் தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் தெரிவதால் ரிகவரிக்காரர் முன்பக்கத்தைத் தூக்கிப் பின்பக்கத்தை உருட்டிக்கொண்டே வந்துவிடுவார். பழுது அன்றைக்குத் தெரியாமல் சில வாரம் கழித்தும் தெரியலாம். மின்கார்களுக்கும் இதே விதி. நான்கு சில்லும் நிலத்தை விட்டு மேலே இருக்க வேண்டும்.

ஏற்றும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை:

1. சின்ன பற்றரி. ஹைபிரிட் காரிலும் 12 வோல்ட் பற்றரி ஒன்று உண்டு, பல மொடல்களில் பின்பக்கத்தில் இருக்கும். கப்பலிலும் முற்றத்திலும் வாரக்கணக்காக நின்றதில் அது இறங்கியிருந்தால் கார் "ரெடி" நிலைக்கு, அதாவது ஓடத் தயாரான நிலைக்கு, வராது, கியரும் "பி"யை விட்டு நகராது. அந்த நிலையில் கம்பி போட்டு இழுத்து ஏற்றினால் பூட்டிய சில்லுகள் தேய்ந்துகொண்டே வரும், கியர்ப்பெட்டிக்குள் உள்ள பூட்டும் உடையலாம். வேறொரு பற்றரியிலிருந்து வயர் கொடுத்து உயிர்ப்பித்த பிறகே ஏற்றச் சொல்லுங்கள்.

2. பெல்ட் எங்கே கட்டப்படுகிறது. டயரைச் சுற்றிச் சில்லையே தளத்தோடு பிணைப்பது நல்ல முறை. அப்படிக் கட்டினால் காரின் உடம்பு தன் ஸ்பிரிங்கில் சுதந்திரமாக ஆடும், குழியில் லொறி குதித்தாலும் இழுவை சில்லோடு நின்றுவிடும். முன்பக்க இரும்புக் கையிலோ அச்சிலோ கொக்கியை மாட்டி இறுக்கினால் ஒவ்வொரு குலுக்கலும் அந்த இரும்பில் விழும். வீடு வந்த பின் கார் ஒரு பக்கம் இழுக்கிறது, டயர் ஓரம் தேய்கிறது என்றால் பல வேளை காரணம் இதுவாகத்தான் இருக்கும். அலோய் சில்லின் ஓட்டைக்குள் பெல்ட்டை நுழைத்துக் கட்டினாலும் கீறல் விழும்.

3. ஏறும் சரிவு. தாழ்ந்த பம்பர் உள்ள கார் சரிவான பலகையில் ஏறும்போது கீழ் உதடு உரசும். தட்டையான தளம் முழுவதும் நிலம்வரை சாயும் லொறியா, பலகை போட்டு ஏற்றும் லொறியா என்று முதலிலேயே கேளுங்கள்.

கூலியைப் பொறுத்தவரை ஒன்றைப் புரிந்துகொண்டால் பேரம் பேசுவது எளிது. கிழக்குக்குக் கார் ஏற்றி வரும் லொறி பெரும்பாலும் வெறுந்தளத்தோடு திரும்பிப் போகிறது. நீங்கள் கொடுக்கும் கூலிக்குள் அந்தத் திரும்பும் தூரமும் இருக்கிறது. ஆகவே காத்தான்குடியிலோ கல்முனையிலோ அதே வாரத்தில் கார் எடுக்கும் இன்னொருவரோடு சேர்ந்து பெரிய கேரியரில் வருவதும், இங்கிருந்து பழுதான வாகனம் ஏற்றிக் கொழும்பு போகவிருக்கும் லொறியைப் பிடிப்பதும் கூலியை நன்றாகவே குறைக்கும்.

வழியில் சேதமானால் யார் பொறுப்பு?

இலங்கையில் பொருள் விற்பனையை ஆள்வது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். அதன் அடிப்படை விதி இது: வேறு உடன்பாடு இல்லாவிட்டால், உரிமை கைமாறும் கணத்திலேயே நட்ட அபாயமும் கைமாறும். கார் எங்கே நிற்கிறது என்பது முக்கியமல்ல. உரிமை உங்களுக்கு மாறியதாகக் காட்டும் ரசீதை மஹரகமையில் வாங்கிவிட்டால், ஹபரணையில் லொறி பிரண்டாலும் நட்டம் சட்டத்தின் பார்வையில் உங்களுடையதாகிவிடலாம். லொறியைப் பிடித்துக் கொடுத்தவர் சேல்காரர் என்பதால் பொறுப்பும் அவருடையது என்று நம்பியிருப்பது போதாது.

"வேறு உடன்பாடு இல்லாவிட்டால்" என்ற அந்தச் சொற்றொடர்தான் உங்களுக்கான கதவு. ரசீதிலோ ஒப்பந்தத்திலோ ஒரு வரி போதும்: "மட்டக்களப்பில் வாங்குநரின் வீட்டில் ஒப்படைத்து வாங்குநர் கையொப்பமிடும் வரை வாகனத்தின் சேதத்துக்கும் இழப்புக்கும் விற்பவரே பொறுப்பு." இந்த வரியை எழுத மறுக்கிற சேல்காரரிடம் போக்குவரத்தை ஒப்படைக்க வேண்டாம், தனியாக ஏற்பாடு செய்யுங்கள்.

தனியாக ஏற்பாடு செய்தால் லொறியின் காப்புறுதியைப் பற்றிக் கேட்க வேண்டும். லொறிக்கு இருக்கும் தேர்ட் பார்ட்டி காப்புறுதி அது இடிக்கும் ஆட்களுக்கானது, தளத்தின் மேல் நிற்கும் உங்கள் காருக்கானது அல்ல. ஏற்றிச் செல்லும் சரக்குக்கென்று தனிக் காப்புறுதி உண்டு. அது இருக்கிறதா, உங்கள் காரின் பெறுமதி வரை போதுமா என்று பத்திரத்தைப் பார்த்து உறுதிப்படுத்துங்கள். இல்லையென்றால் உங்கள் கவர் நோட்டை எழுதும் கம்பனியிடம், லொறியில் ஏற்றும்போதும் பயணத்திலும் இறக்கும்போதும் நேரும் சேதத்தை அது உள்ளடக்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் வரும் "ஓம், ஓம்" எதற்கும் உதவாது.

எந்த ஏற்பாடாக இருந்தாலும் "ஏற்றும்போது இந்தக் கீறல் இருந்ததா?" என்ற வாக்குவாதம் வரும். அதற்கான சாட்சி உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது: ஜப்பானிய ஏலத் தாள், அதாவது அங்கே ஏலம் விடுவதற்கு முன் காரைப் பரிசோதித்து எழுதிய தாள். அதில் காரின் படம் வரைந்து குறைகளைக் குறித்திருப்பார்கள். "ஏ" கீறல், "யு" நெளிவு, "டபிள்யூ" தட்டிச் செப்பமிட்ட இடம், "எஸ்" துரு, "எக்ஸ்" மாற்ற வேண்டிய பாகம், இரட்டை எக்ஸ் மாற்றப்பட்ட பாகம். பக்கத்தில் உள்ள இலக்கம் குறையின் அளவு: ஏ1 நகக்கீறல் அளவு என்றால் ஏ3 தூரத்திலிருந்தே தெரியும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஏற்றுவதற்கு முன் பகல் வெளிச்சத்தில் காரைச் சுற்றி வந்து, தாளில் இல்லாத புதுக் குறைகளைப் பேனையால் சேர்த்து, சாரதியின் கையொப்பத்தை வாங்குங்கள். ஓடோமீற்றரையும் படம் எடுங்கள். தாளில் உள்ள கிலோமீற்றரைவிட அது குறைவாகக் காட்டினால் காரை ஏற்றுவதை நிறுத்திவிட்டு விற்றவரிடம் பேச வேண்டும். ஊருக்குக் கிளம்பியபோது இருந்ததைவிட வந்து சேரும்போது பல கிலோமீற்றர் கூடியிருந்தால், கார் லொறியில் வரவில்லை, யாரோ ஓட்டி வந்திருக்கிறார்கள் என்று பொருள்.

எந்தப் பாதை, எந்தக் காலம்

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் பாரமான கேரியர்களுக்கு ஏற்றது குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை, வாழைச்சேனை வழி. பெரும்பகுதி சமதரை. ஹபரணை, மின்னேரியா பக்கமும் வெலிக்கந்தை, புணானை பக்கமும் இரவில் யானை கடக்கும் இடங்கள். அம்பாறைக்குக் கண்டி, மகியங்கனை, மஹஓயா வழி தூரத்தில் குறைவாகத் தெரிந்தாலும் பதினெட்டு வளைவு இறக்கத்தில் நீண்ட கேரியர் திணறும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின்போது மலைநாட்டு வீதிகள் பல மண்சரிவால் மூடப்பட்டதையும் மறக்க முடியாது.

அம்பாந்தோட்டையிலிருந்து வருகிறவர்கள் கொழும்புப் பக்கம் போகவே தேவையில்லை. வெல்லவாய, மொணராகலை, சியம்பலாண்டுவ வரை வந்து, அங்கிருந்து அம்பாறைக்கு ஒரு வீதி பிரிகிறது. கரையோர ஊர்களுக்கு லாகுகலை, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை என்று ஏ4 வீதியே மட்டக்களப்பு வரை வருகிறது.

நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை இங்கே மாரி. காரைதீவு - அம்பாறை வீதியில் மாவடிப்பள்ளியில் வெள்ளம் குறுக்கே பாயும். 2024 நவம்பரில் உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு மத்ரஸா மாணவர்கள் உயிரிழந்தது அதே இடத்தில்தான். அந்த மாதங்களில் ஒப்பந்தத்தில் திகதியை இறுக்கிக் கட்டாமல், வீதி திறந்திருந்தால் மட்டும் வர வேண்டும் என்று சாரதிக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

கடைசி ஒரு கிலோமீற்றர்

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். பெரிய கேரியர் கல்லடியிலோ ஏறாவூரிலோ பிரதான வீதியில் வந்து நிற்கும். உள்ளே ஒழுங்கை ஒடுக்கம், மேலே மின்கம்பி, மதிலுக்கு வெளியே நீட்டிய மாமரக் கிளை. சாரதி காரை அங்கேயே இறக்கிவிட்டு, "இனி வீடு கிட்டத்தானே, ஓட்டிக்கொண்டு போங்கோ" என்பார். முந்நூறு கிலோமீற்றர் சட்டப்படி வந்த கார் கடைசி ஒரு கிலோமீற்றரில் பதியாத காராகத் தெருவில் ஓடும். ஒழுங்கையும் பொதுவழிதான். சைக்கிளில் பிள்ளைகள் திரும்பிவரும் அந்த ஒழுங்கையில் ஒரு தட்டுத் தட்டினால், ஹபரணையில் நடந்திருந்தால் வரும் அதே விளைவுகள் இங்கேயும் வரும்.

தீர்வு எளிது, ஆனால் முன்கூட்டியே செய்ய வேண்டும்:

1. ஒழுங்கையின் அகலத்தையும், கம்பி, கிளைகளின் உயரத்தையும் படம் எடுத்து லொறிக்காரருக்கு அனுப்புங்கள்.

2. கேரியர் உள்ளே வராது என்றால், பிரதான வீதியில் இருந்து வீடு வரை கொண்டுவர உள்ளூர் ரிகவரி லொறி ஒன்றை அதே நேரத்துக்குச் சொல்லி வையுங்கள். தளத்துக்குத் தளம் மாற்றுவதற்கு வெட்டையான, போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாத இடம் வேண்டும். தனியார் வளவு கிடைத்தால் நல்லது.

3. வளவுக்குள் இறக்கிய பின்பே ஏலத் தாளையும் படங்களையும் வைத்துச் சரிபார்த்து, குறை இருந்தால் அதே பத்திரத்தில் எழுதி, சாரதியிடம் கையொப்பம் வாங்கி, அதன் பிறகு மிச்சக் கூலியைக் கொடுங்கள். இருட்டில் வந்து சேர்ந்தால் விடியும் வரை பொறுத்திருக்கச் சொல்வதில் தவறில்லை. அதையும் கூலி பேசும்போதே சொல்லிவிட வேண்டும்.

கார் வளவுக்குள் நிற்கும் நாட்களில் பதிவு வேலை கொழும்பில் நடந்துகொண்டிருக்கும். வாரத்துக்கு இரண்டு தடவையாவது காரை "ரெடி"யில் போட்டு அரை மணி நேரம் விட்டால் சின்ன பற்றரி இறங்காது. கப்பலில் வந்த காரின் டயர்க் காற்று சரியான அளவில் இருக்கும் என்று நம்ப வேண்டாம், முதல் ஓட்டத்துக்கு முன் அளந்து பாருங்கள். பிரேக் தட்டில் படிந்த மெல்லிய துரு முதல் சில பிரேக்கிலேயே தேய்ந்து போய்விடும். இலக்கம் வந்த அன்றே காப்புறுதிக் கம்பனிக்கு அறிவித்து, சேஸி இலக்கத்தில் இருக்கும் கவர் நோட்டைப் பதிவு இலக்கத்துக்கு மாற்றிச் சான்றிதழ் எடுங்கள். அந்தச் சான்றிதழோடு பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரத்தை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிய பிறகு படலையைத் திறக்கலாம்.